மன அழுத்தம், கார்டிசோல், மைக்ரோகிளியா: ஒரே சமிக்ஞை இருவேறு விளைவுகளைத் தருவது எப்படி?

கேள்வி இதுதான்: "கார்டிசோல் அழற்சியை அடக்கும் ஹார்மோன் என்று படித்திருக்கிறோம், அதன் செயற்கை வடிவங்களைத்தான் ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருந்தாகத் தருகிறார்கள். அப்படியானால், கார்டிசோல் மிகுந்து சுரக்கும் மன அழுத்தம் மூளையில் அழற்சியை உண்டாக்குகிறது என்பது எப்படிப் பொருந்தும்? மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள் ஹார்மோன்களுக்கும் நரம்புகளிலிருந்து வரும் சமிக்ஞைகளுக்கும் எப்படிப் பதில் தருகின்றன?"

இரண்டு கூற்றுகளும் உண்மையே. முரண்பாடு தோன்றுவதற்குக் காரணம், ஒரு ஹார்மோனுக்கு ஒரே ஒரு விளைவுதான் உண்டு என்று நாம் எடுத்துக்கொள்வது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்லுக்கு ஒரு சமிக்ஞை வந்து சேரும்போது, அந்தச் செல் அப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு முன் என்ன அனுபவித்தது, எந்த வயதில் இருக்கிறது, மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பவை விளைவின் திசையையே மாற்றிவிடுகின்றன. இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. சோதனைகளின் வழியாகப் பார்த்தால்தான் நம்ப முடியும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பேசும் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஹோர்டேகா 1919-ஆம் ஆண்டு வெள்ளிக் கார்பனேட் சாயமேற்றும் முறையால் இவற்றை மற்ற மூளைச் செல்களிலிருந்து பிரித்துக் காட்டினார். மூளையில் இருந்தாலும் பிறப்பால் இவை மூளைச் செல்கள் அல்ல. நரம்புச் செல்கள் கருவின் புற அடுக்கிலிருந்து தோன்ற, மைக்ரோகிளியாவின் மூதாதைச் செல்களோ மஞ்சட்கருப் பையில் உருவாகி, இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் எளிதில் நுழையாமல் காக்கும் குருதி-மூளைத் தடுப்பு முழுமையாக அமையும் முன்பே மூளைக்குள் குடியேறுகின்றன. சுண்டெலியில் இந்தத் தோற்றுவாயை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. அதன்பின் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிய வரவை எதிர்பாராமல், உள்ளேயே பிரிந்து தம் தொகையைக் காத்துக்கொள்கின்றன. மனித மூளையில் கார்பன்-14 அளவைக் கொண்டு கணக்கிட்டபோது, இச்செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு புதுப்பிக்கப்படுவதும், ஒரு செல்லின் சராசரி வயது நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருப்பதும், சில செல்கள் இருபது ஆண்டுகளைத் தாண்டி வாழ்வதும் தெரியவந்தது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் பலவற்றின் ஆயுள் சில நாட்களே என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நெடுநாள் வாழும் செல், பட்டதை மறக்காமல் வைத்திருக்கவும் கூடும். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஹார்மோன்களும் நரம்புச் சமிக்ஞைகளும் மைக்ரோகிளியாவை அடையும் பாதைகள் வெவ்வேறானவை. கார்டிசோல், ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பில் கரைபவை என்பதால் குருதி-மூளைத் தடுப்பைக் கடந்து, செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்குள்ள ஏற்பிகளோடு (சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களோடு) சேர்ந்து உட்கருவில் மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். விளைவும் நீண்ட நேரம் நிற்கும். நரம்புச் செல்கள் வெளியிடும் கடத்திகளான நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி போன்றவை செல்லின் வெளிச்சவ்விலுள்ள ஏற்பிகளைத் தொட்டுச் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ செயலைத் தொடங்குகின்றன. முழு வளர்ச்சி அடைந்த சுண்டெலியின் மூளையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த மைக்ரோகிளியாவில் எந்தெந்த ஸ்டீராய்டு ஏற்பிகள் உள்ளன என்று பார்த்தபோது, கார்டிசோல் வகை ஹார்மோன்களுக்கான குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியே மிகுதியாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனின் ஆல்ஃபா ஏற்பி குறைந்த அளவில் இருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கான ஏற்பி கண்டறியப்படவில்லை. அதாவது மன அழுத்த ஹார்மோனைக் கேட்பதற்கான வசதி இச்செல்களில் வேறெந்த ஸ்டீராய்டையும்விட வலுவாக அமைந்திருக்கிறது.

கார்டிசோலுக்குப் போவதற்கு முன் நரம்புச் சமிக்ஞையைப் பார்த்துவிடலாம். அங்கே கதை இன்னும் தெளிவாக இருக்கிறது.

2005-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக்குழுக்கள், மைக்ரோகிளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் மண்டையோட்டைச் சீவி மெல்லியதாக்கி, இரு ஃபோட்டான் நுண்ணோக்கியின் வழியே உயிருள்ள மூளையை நேரடியாகக் கண்டன. அதுவரை 'ஓய்வு நிலை' என்று அழைக்கப்பட்ட செல்கள் ஓய்ந்திருக்கவே இல்லை. செல்லின் உடல் ஒரே இடத்தில் நிற்க, அதன் நுண்கிளைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. சில மணி நேரத்துக்குள் மூளைத் திசு முழுவதையும் அவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடும் என்று கணக்கிடப்பட்டது. லேசர் கதிரால் ஒரு புள்ளியில் சிறு காயம் உண்டாக்கியதும், சுற்றியுள்ள செல்களின் கிளைகள் எல்லாம் சில நிமிடங்களில் அந்தப் புள்ளியை நோக்கி நீண்டு அதைச் சூழ்ந்துகொண்டன. காயம்பட்ட செல்களிலிருந்து கசியும் ஏடிபி என்ற மூலக்கூறுதான் அழைப்பு; பி2ஒய்12 என்ற ஏற்பி அதை வாங்கிக்கொள்கிறது.

இந்தக் காட்சிகள் புகழ்பெற்றுப் பாடநூல்களிலும் ஏறின. ஆனால் அவற்றில் ஒரு விஷயம் பல ஆண்டுகள் கவனத்துக்கு வராமல் போயிற்று: படமெடுக்கப்பட்ட சுண்டெலிகள் மயக்க மருந்தின் பிடியில் இருந்தன. 2019-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் மேயோ கிளினிக் குழு ஒன்றும் தனித்தனியே, தலையை மட்டும் அசையாமல் பொருத்தி, விழித்திருக்கும் சுண்டெலிகளில் அதே செல்களைப் பார்த்தன. விழித்திருக்கும் மூளையில் மைக்ரோகிளியாவின் கிளைகள் குறுகியிருந்தன. துழாவும் பரப்பும் குறைவாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்தவுடன் கிளைகள் விரிந்து பரவின. முன்பு இயல்பான கண்காணிப்பு என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதி மயக்க மருந்தின் விளைவே என்று இதிலிருந்து ஆகிறது. ஓர் அளவீட்டு முறையே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டதற்கு நரம்பியலில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

காரணம் நார்அட்ரினலின். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத்திரள் இருக்கிறது. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்களில் இங்கிருப்பவை சுமார் 50,000 மட்டுமே. ஆயினும் இவற்றின் இழைகள் பெருமூளைப் புறணி முழுவதும் பரவி, பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நரம்பிணைப்புக்கு மட்டுமென்றில்லாமல் சுற்றுப்புறத்துக்கே நார்அட்ரினலினைக் கசியவிடுகின்றன. விழித்திருக்கும்போது இந்தச் செல்கள் மிகுதியாக இயங்கும். ஆழ்ந்த உறக்கத்தில் குறையும். கனவுறக்கத்தில் ஏறத்தாழ மௌனமாகிவிடும். மைக்ரோகிளியாவில் உள்ள பீட்டா-2 ஏற்பி இந்த நார்அட்ரினலினை உணர்ந்து செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுமூலக்கூறைப் பெருக்க, கிளைகள் சுருங்குகின்றன. மயக்கம் அந்தக் கசிவை வெகுவாகக் குறைக்கிறது, கட்டு தளர்கிறது, கிளைகள் நீள்கின்றன. மேயோ குழுவினர் சுண்டெலியின் மீசைமயிரைக் கத்தரித்து, அதிலிருந்து வரும் தொடுவுணர்ச்சியைக் குறைத்தபோதும், அந்த உணர்ச்சியைப் பெறும் புறணிப் பகுதியில் கிளைகள் விரிந்தன. மருந்தே இல்லாமல், நரம்பு இயக்கம் குறைந்ததாலேயே அதே விளைவு கிடைத்தது. ரோச்செஸ்டர் குழுவினர், ஒரு கண்ணை மூடிவைத்தால் பார்வைப் புறணி மறு கண்ணுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறனை அளந்து, பீட்டா-2 ஏற்பியைச் செயற்கையாகத் தூண்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திறன் குன்றுவதைக் காட்டினார்கள். ஆகவே கிளைகள் நீள்வதும் சுருங்குவதும் வெறும் அசைவு அன்று; நரம்பிணைப்புகளைத் திருத்தியமைக்கும் வேலை அதைச் சார்ந்திருக்கிறது.

இதுவரை படித்தால் நார்அட்ரினலின் மைக்ரோகிளியாவை அடக்குவது என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது என்பதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருளால் தூண்டப்பட்டு அழற்சி நிலைக்கு வந்துவிட்ட மைக்ரோகிளியா, பீட்டா-2 ஏற்பியை விட்டு ஆல்ஃபா-2ஏ ஏற்பிக்கு மாறிக்கொள்கிறது. முதல் ஏற்பி சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்துவது. இரண்டாவது அதைக் குறைப்பது. வெளியிலிருந்து வரும் மூலக்கூறு ஒன்றேதான், ஆனால் உள்ளே அது தொடும் பாதை எதிர்த்திசையில் ஓடுகிறது. மற்றொன்று, அல்சைமர் நோய் மாதிரிச் சுண்டெலிகளில் லோகஸ் செருலியஸின் செல்களை அழித்தபோது, மைக்ரோகிளியா, அந்நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளை நோக்கி நகர்வதும் அவற்றை விழுங்குவதும் குன்றின, படிவுகள் பெருகின. இங்கே நார்அட்ரினலின் ஒரு வேலையைத் தூண்டி, வேறொன்றை அடக்குகிறது: அழற்சிப் புரதங்களின் சுரப்பு அதனால் குறைய, விழுங்கும் வேலை வளர்கிறது. அல்சைமர் நோயில் மிக ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும் பகுதிகளில் லோகஸ் செருலியஸும் ஒன்று என்பதால், இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று.

நரம்புச் செல்லுக்கும் மைக்ரோகிளியாவுக்கும் இடையிலான பேச்சு ஒருவழிப் பாதையும் அன்று. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. நரம்புச் செல்கள் மிகுதியாக இயங்கும்போது ஏடிபி வெளியாகிறது. மைக்ரோகிளியா அதை உணர்ந்து கிளை நீட்டுவதோடு நில்லாமல், தன் மேற்பரப்பிலுள்ள சிடி39 என்ற நொதியால் அந்த ஏடிபியைச் சிதைக்கிறது. மேலும் ஒரு படி கடந்தால் அது அடினோசினாகிறது. அடினோசின் நரம்புச் செல்லின் ஏ1 ஏற்பியில் அமர்ந்து அதன் இயக்கத்தைத் தணிக்கிறது. மைக்ரோகிளியாவை நீக்கிய சுண்டெலிகளில் இந்தத் தடை இல்லாமல், தூண்டல் மருந்துக்கு வலிப்பு வரும் அளவுக்கு நரம்பியக்கம் எல்லை மீறியது. (காஃபி நம்மை விழிக்க வைப்பது அடினோசின் ஏற்பிகளை மறைப்பதால்தான் என்பது தெரிந்தவர்களுக்கு, இந்த மூலக்கூறு புதிதாக இராது.)

மற்ற நரம்புக் கடத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசிட்டைல்கோலின், ஆல்ஃபா-7 நிக்கோட்டினிக் ஏற்பியின் வழியாக மைக்ரோகிளியாவின் அழற்சிப் புரதச் சுரப்பைக் குறைக்கிறது. மூளையை உள்ளுறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பு, உடலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு இது நெருக்கமானது. காபா என்ற அடக்கும் கடத்தியை உணரும் மைக்ரோகிளியா, இளம் மூளையில் அடக்கும் வகை நரம்பிணைப்புகளையே தேர்ந்து கத்தரிப்பதாக 2021-இல் தெரியவந்தது. இவை தவிர, நரம்புச் செல்கள் ஃபிராக்டல்கைன், சிடி200 போன்ற புரதங்களைக் காட்டி 'இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நரம்புச் செல் சிதையும்போது இந்தச் சொல் நின்றுபோவதே மைக்ரோகிளியாவுக்கு ஒரு செய்தி.

இனிக் கார்டிசோல். மூட்டுவாத நோயாளிக்கு 1948-இல் முதன்முதலாகக் கார்டிசோன் கொடுக்கப்பட்டு, நடக்க முடியாமல் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்ததும், 1950-இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்ததும் மருத்துவ வரலாற்றின் பெரும் நிகழ்வுகள். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி உட்கருவுக்குள் சென்று, அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் கையைக் கட்டுகிறது. மைக்ரோகிளியாவுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே தூண்டப்பட்ட மைக்ரோகிளியாவின் மேல் கார்டிசோலை ஊற்றினால் இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சிப் புரதங்கள் குறையும். பாடநூல் சொல்வது இந்த வரிசை: முதலில் அழற்சி, பிறகு ஹார்மோன்.

வரிசையை மாற்றிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். எலிகளுக்கு, அவற்றின் கார்டிசோலாகிய கார்ட்டிகோஸ்டிரோனை ஊசியாகப் போட்டு, பின்னர் பாக்டீரியாவின் சுவர்ப்பொருளைச் செலுத்தினார்கள். ஹார்மோன் முன்கூட்டியே, அதாவது இரண்டு மணி நேரமோ ஒரு நாளோ முன்பாகக் கொடுக்கப்பட்டிருந்தால், நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அழற்சி வழக்கத்தைவிட மிகுந்தது. அதே ஹார்மோனைச் சுவர்ப்பொருள் செலுத்தி ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது அழற்சி அடங்கியது. அளவும் மூலக்கூறும் விலங்கும் ஒன்றே. மாறியது முன்பின் மட்டும். உங்கள் கேள்வியின் முடிச்சு அவிழ்வது இங்கேதான்.

ஊசி மருந்தின் இடத்தில் உண்மையான மன அழுத்தத்தை வைத்தும் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் வால் அதிர்ச்சிக்கு உள்ளான எலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து ஒரு நாள் கழித்து மைக்ரோகிளியாவைப் பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அங்கே சுவர்ப்பொருளைச் சேர்த்தால், அழுத்தம் படாத எலியின் செல்களைவிட இவை மிகுதியாக இன்டர்லூகின்-1 பீட்டாவைச் சுரந்தன. செல் உடலை விட்டு வெளியே வந்த பின்பும் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது என்பதே இதில் முக்கியம். இந்த ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை முன்பே நீக்கிவிட்டாலோ, மைஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தால் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை மறைத்துவிட்டாலோ இந்த மிகை எதிர்வினை வரவில்லை. ஆகவே அழற்சியை 'அடக்கும்' அந்த ஹார்மோனே இங்கே செல்லைத் தயார்ப்படுத்தியிருக்கிறது.

தயார்ப்படுத்துவது வேறு, அழற்சியை உண்டாக்குவது வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் மட்டும் நேர்ந்த மைக்ரோகிளியா பெரும்பாலும் அழற்சிப் புரதங்களைக் கொட்டுவதில்லை. காய்ந்த விறகைப் போல இருக்கும், பொறி விழுந்தால்தான் வேறுபாடு தெரியும். உள்ளே நடப்பவற்றில் சில தெரிகின்றன: நோய்க்கிருமியை உணரும் ஏற்பிகளும் என்எல்ஆர்பி3 என்ற அழற்சி இயந்திரத்தின் உறுப்புகளும் முன்கூட்டியே கூடுகின்றன; நரம்புச் செல்லின் சிடி200 சொல்லும் அமைதிச் செய்தியைக் கேட்கும் ஏற்பி குறைகிறது; எச்எம்ஜிபி1 என்ற எச்சரிக்கைப் புரதம் வெளியாகிறது. ஏன் இப்படி ஓர் ஏற்பாடு என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. வேட்டை விலங்கிடம் சிக்கித் தப்பும் உயிருக்கு, ஓடும் அந்த நேரத்தில் அழற்சியால் வரும் சோர்வும் காய்ச்சலும் கேடு. ஓடி முடித்தபின் காயமும் அதன் வழியே கிருமியும் இருக்கும் என்பதோ ஏறத்தாழ உறுதி. இப்போது அடக்கு, அடுத்து வருவதற்கு ஆயத்தமாகு என்ற இரண்டு கட்டளைகளையும் ஒரே ஹார்மோன் சுமப்பது அத்தகைய வாழ்க்கையில் பொருளுள்ளதே. அலுவலகக் கெடுபிடிக்கும் கடன் தவணைக்கும் பின்னால் காயம் வருவதில்லை. ஆயத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

தொடர்ந்து நீடிக்கும் அழுத்தத்தில் இன்னொரு பாதையும் சேர்ந்துகொள்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒன்றாக வாழும் ஆண் சுண்டெலிகளின் கூண்டுக்குள் முரட்டு ஆண் ஒன்றை நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் விட்டு, ஆறு நாட்கள் இதைத் தொடர்ந்தார்கள். தோல்வியுற்ற சுண்டெலிகளில் பதற்ற நடத்தை தோன்றியது; பயம், பதற்றம் ஆகியவற்றோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் மைக்ரோகிளியா வடிவம் மாறியது. ஆபத்து நேரத்தில் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகள் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, கார்டிசோலுக்குக் கட்டுப்படாத மோனோசைட் வெள்ளணுக்களை இரத்தத்தில் பெருக்கியதும், அவை மூளையை நோக்கிச் சென்றதும் தெரிந்தது. கார்டிசோல் நிறைந்திருந்தும் அழற்சி அடங்காததற்கு, அதைக் கேட்கும் செல்களே காதை மூடிக்கொள்வதும் ஒரு காரணம் என்று இங்கே காண்கிறோம். இரத்த அழுத்தத்துக்கும் கை நடுக்கத்துக்கும் நம் மருத்துவர்கள் எழுதித்தரும் புரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பு மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, அந்தச் சுண்டெலிகளில் மைக்ரோகிளியாவின் மாற்றமும் பதற்ற நடத்தையும் வரவில்லை. முன்பு பார்த்த பீட்டா ஏற்பிகள் மூளைக்குள் மைக்ரோகிளியாவின் கிளைகளைச் சுருக்கி அமைதிப்படுத்துபவை. இங்கே அதே குடும்பத்து ஏற்பிகளை மறைத்தால்தான் மைக்ரோகிளியா அமைதியாக இருக்கிறது. எந்தச் செல்லில், எவ்வளவு நாள் என்பதைக் கேட்காமல் 'நார்அட்ரினலின் நல்லதா, கெட்டதா' என்று கேட்பதில் பயனில்லை.

ஒருமுறை பட்டது எவ்வளவு காலம் நிற்கும்? ஜெர்மனியில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் உடலில், மூளையில் அன்று, பாக்டீரியாவின் சுவர்ப்பொருளை ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். மைக்ரோகிளியா பிந்தைய தூண்டலுக்கு மிகையாக எதிர்வினை செய்தது. நான்கு நாட்கள் தொடர்ந்து செலுத்தியபோது, அது மந்தமாகிச் சகித்துக்கொண்டது. டிஎன்ஏவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் விழுந்த குறிகள் இந்த நினைவைக் காத்தன. ஆறு மாதங்கள் கழித்தும், அல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளில் அமிலாய்டு படிவின் அளவை அவை கூட்டியோ குறைத்தோ காட்டின. ஆறு மாதம் என்பது சுண்டெலியின் வாழ்வில் கால் பங்கு.

பாலின ஹார்மோன்களைப் பற்றிக் கேள்வியில் இல்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டால் பதில் குறைபட்டதாகிவிடும், ஏனெனில் வயதும் இடமும் விளைவைத் திருப்பிவிடுவதை அங்கேதான் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். பிறந்த ஆண் எலிக்குட்டியின் விரைகளிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் எஸ்ட்ராடயாலாக மாற்றப்படுகிறது. ஆண் மூளையை ஆண் மூளையாக அமைப்பது 'பெண் ஹார்மோன்' என்று நாம் அழைப்பதுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஹைப்போதலாமஸுக்கு அருகிலுள்ள முன்பார்வைப் பகுதியில் அந்த எஸ்ட்ராடயால் புரோஸ்டகிளாண்டின் ஈ2 சுரப்பைப் பெருக்க, மைக்ரோகிளியா அதற்குப் பதில் தந்து தானும் அதையே சுரந்து பெருக்கிவிட, நரம்புச் செல்களில் மற்றச் செல்களின் சமிக்ஞையை வாங்கும் நுண்முட்கள் அடர்கின்றன. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு மினோசைக்ளின் என்ற மருந்தால் குட்டிகளின் மைக்ரோகிளியாவைத் தடுத்தபோது இந்த அடர்த்தி உண்டாகவில்லை. வளர்ந்தபின் ஆணுக்குரிய இனச்சேர்க்கை நடத்தையும் வரவில்லை. அதே குழு உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியில் கண்டது இன்னும் நுட்பமானது: ஆண் குட்டியில் ஆண் ஹார்மோன்கள் எண்டோகன்னாபினாய்டு என்ற மூலக்கூறுகளை உயர்த்துகின்றன, அவற்றால் தூண்டப்பட்ட மைக்ரோகிளியா, புதிதாகப் பிறந்த, பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளாக (நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் செல்களாக) வளரவிருக்கும் செல்களை உயிரோடு விழுங்குகிறது. பெண் குட்டியில் அவை விழுங்கப்படாமல் தப்புகின்றன. சில வாரங்களில், ஆண் குட்டிகள் பெண் குட்டிகளைவிட மிகுதியாக மல்லுக்கட்டி விளையாடுவதில் இதன் விளைவு தெரிகிறது. விழுங்குவதைத் தடுத்தால் அந்த வேறுபாடு குறைகிறது.

இளம் மூளையில் எஸ்ட்ராடயால் மைக்ரோகிளியாவைத் தூண்டிவிட, வளர்ந்த மூளையில் அதே எஸ்ட்ராடயால் ஆல்ஃபா ஏற்பியின் வழியாக அழற்சியைத் தணிக்கிறது. ஹார்மோன் அப்போதைக்கு இருப்பது மட்டுமே எல்லாமும் அன்று: பெண் சுண்டெலியின் மைக்ரோகிளியாவை ஆணின் மூளைக்கு மாற்றிவைத்தபோதும் அது தன் இயல்பை வைத்துக்கொண்டு, பக்கவாதத்தால் வந்த சேதத்தைக் குறைத்ததாக 2018-ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது.

நரம்புச் சமிக்ஞையும் பாலினமும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் வலி. நரம்பு நசுங்கிய பின் தண்டுவடத்திலுள்ள மைக்ரோகிளியாவில் பி2எக்ஸ்4 என்ற ஏடிபி ஏற்பி பெருகுகிறது. அது தூண்டப்பட்டதும் பிடிஎன்எஃப் என்ற புரதம் சுரக்கிறது. அது நரம்புச் செல்லின் குளோரைடு சமநிலையைக் குலைக்க, அடக்க வேண்டிய காபா அடக்கும் வலுவை இழக்கிறது. மெல்லத் தொட்டாலும் வலிக்கும் நிலை இப்படி வருகிறது. 2003-க்குப் பிறகான ஆண்டுகளில் படிப்படியாக வெளிவந்த இந்த அழகிய சங்கிலி, பெரும்பாலும் ஆண் விலங்குகளிலேயே சோதிக்கப்பட்டது. 2015-இல் கனடா ஆய்வாளர்கள் பெண் சுண்டெலிகளிலும் பார்த்தார்கள். வலி அதே அளவு இருந்தது. ஆனால் மைக்ரோகிளியாவைத் தடுக்கும் மருந்துகள் பெண் சுண்டெலிகளில் வலியைக் குறைக்கவில்லை. அங்கே டி செல்கள் என்ற வேறு நோயெதிர்ப்புச் செல்கள் அந்த வேலையைச் செய்தன. பாதி உலகத்தை விட்டுவிட்டு ஒரு நோயின் இயக்கம் தெரிந்துவிட்டதாக எழுதிக்கொண்டிருந்தோம் என்பது இத்துறைக்குக் கொஞ்சம் வெட்கமான செய்திதான்.

இவற்றையெல்லாம் மனிதர்களுக்கு எவ்வளவு தூரம் எடுத்துச் செல்லலாம்? மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை சுண்டெலிகளிலும் எலிகளிலும் நடந்தவை. உயிருள்ள மனிதரின் மைக்ரோகிளியாவை நாம் நேரே பார்க்க முடிவதில்லை. டிஎஸ்பிஓ என்ற புரதத்தோடு ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுப்பது இப்போதுள்ள வழிகளுள் முதன்மையானது. ஆனால் சுண்டெலியில் தூண்டப்பட்ட செல்லில் அந்தப் புரதம் கூடுவதுபோல் மனித மைக்ரோகிளியாவில் கூடுவதில்லை என்று 2023-இல் தெரியவந்தபின், பல பழைய ஸ்கேன் முடிவுகளை 'மைக்ரோகிளியா தூண்டப்பட்டிருக்கிறது' என்று படிப்பதா, 'செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது' என்று படிப்பதா என்ற ஐயம் எழுந்துள்ளது. மன அழுத்தம் உள்ளவர்களின் மூளையில் அழற்சி 'படமாகத் தெரிகிறது' என்று எழுதப்படும் செய்திகளை இந்த எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

மருந்துச் சோதனைகளும் அதே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. மைக்ரோகிளியாவைப் பொத்தாம்பொதுவாக அடக்கினால் நரம்புச் சிதைவு நோய்கள் குறையும் என்ற நம்பிக்கையில், எலிக்குட்டிகளில் பயன்பட்ட அதே மினோசைக்ளின் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. ஏஎல்எஸ் என்ற தசை நலிவு நோயில் 412 பேரைக் கொண்டு நடந்து 2007-இல் வெளியான சோதனையில், மருந்து பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட விரைவாக மோசமடைந்தது. ஆரம்பக்கட்ட அல்சைமர் நோயாளிகள் 544 பேருக்குப் பிரிட்டனில் இரண்டு ஆண்டுகள் கொடுத்தும் மறதியின் வேகம் குறையவில்லை. விழுங்குதல், கத்தரித்தல், தணித்தல், எரித்தல் என்று பல வேலைகளைச் செய்யும் செல்லை ஒட்டுமொத்தமாக அடக்கியதால் நல்லதும் சேர்ந்து நின்றுபோயிருக்கலாம் என்பது என் கருத்து. மினோசைக்ளினுக்கு மைக்ரோகிளியாவைத் தாண்டியும் பல விளைவுகள் இருப்பதால் இதை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள வேண்டாம். கார்டிசோல் வகை மருந்தைப் பரிந்துரைப்படி உட்கொண்டுவரும் எவரும் மேலே சொன்ன எலிச் சோதனையைப் படித்துவிட்டுத் தாமாக அதை நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் உட்கொண்டவருக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.